பரணிலிருந்து இறங்கிய டிவி: ஒரு மே மாதத்துக்கான பழுதுபார்ப்புக் குறிப்புகள்

மே பிறந்தால் அண்ணன் பிள்ளைகள் கோயம்புத்தூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு வந்துவிடுவார்கள். இந்தக் கோடையில் அவர்களுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ஒரு ஏற்பாடு செய்தேன். வெள்ளிக்கிழமை இரவு அரை மணி நேரம் சினிமாப் பாட்டு, ஞாயிறு மாலை ஒரு முழுப் படம், மற்ற நாட்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேசட்டில் பாட்டு. எல்லாம் பழைய கருவிகளில், குறித்த நேரத்தில். நடுவில் நிறுத்த முடியாது, ஓட்டிவிட முடியாது, விட்டால் போயிற்று. பிப்ரவரியில் தொடங்கிய வேலை ஏப்ரல் கடைசியில்தான் முடிந்தது. டிவியும், ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ இன் ஒன்னும் நன்றாக வந்தன. வீடியோ டெக் வரவில்லை. மூன்றைப் பற்றியும் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். இதே எண்ணத்தோடு பரணைப் பார்த்துக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவும்.

முதலில் ஒரு விஷயம். எங்கள் பக்கத்து வீடுகளில் டிவி வந்த விதமே வேறு. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது, ஆனால் அதன் அலை எங்கள் கடற்கரைக்கு எட்டாது. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியதும் பிதுருதலாகல மலையிலிருந்து கிளம்பிய அலை கடலைத் தாண்டி எங்களுக்குக் கிடைத்தது. அதனால் மொட்டைமாடி ஆன்டெனாக்கள் தென்கிழக்கே பார்த்து நின்றன. கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் வந்த பிறகு அவற்றை வடமேற்கே திருப்பினார்கள். சிலர் வீட்டில் இரண்டு திசைக்கும் இரண்டு ஆன்டெனா. சென்னையின் ‘ஒளியும் ஒலியும்’ சினிமாப் பாட்டு நிகழ்ச்சி வெள்ளிக்கிழமை இரவில் எங்கள் தெருவுக்கு வந்தது அதற்கப்புறம்தான்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. டிவியை இறக்கிய உடனே பழைய ஆன்டெனாவையே மாட்டலாம் என்றுதான் அண்ணன் சொன்னான். மாட்டினால் புள்ளிதான் வரும். அந்த அனலாக் ஒளிபரப்பு இப்போது இல்லை. ஆகவே டிவியை மட்டும் சரி செய்தால் போதாது, அதற்குப் படம் அனுப்பும் நிலையத்தையும் வீட்டிலேயே அமைக்க வேண்டும். வேலை இரண்டாகப் பிரிந்தது அப்படித்தான்.

டிவி

21 அங்குல வண்ண டிவி, 1990களின் பிற்பகுதியில் வாங்கியது. பின்பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி துளைகள் உண்டு. இது முக்கியம். வாங்கவோ இறக்கவோ போகிறீர்கள் என்றால் முதலில் பின்னால் பார்த்து இந்த மூன்று துளை இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆன்டெனா துளை மட்டும் உள்ள பெட்டிக்கு வேலை கூடுதல்.

எடை 20 கிலோவுக்கு மேல், அதுவும் பெரும்பகுதி முன்பக்கக் கண்ணாடியில். பரணிலிருந்து இறக்கும்போது கண்ணாடியை நெஞ்சோடு அணைத்துத்தான் தூக்க வேண்டும். கழுத்துப் பக்கம் தட்டினால் பிக்சர் டியூபே போய்விடும்.

எங்கள் ஊரில் இன்னும் டியூப் டிவி பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். வீட்டுக்கே வந்தார். நான் பிளக்கைச் செருகப் போனதும் கையைத் தடுத்தார். “ஏம்மா, இத்தன வருசம் கடக்காத்துல கெடந்த பெட்டி. மொதல்ல தொறந்து காயப் போடுவோம். வெயில்ல வேணாம், நெழல்ல காத்தாட இருக்கட்டும்.” பின்மூடியைக் கழற்றினால் உள்ளே குளவிக் கூடு, கறுப்புத் தூசி, பலகையின் ஓரங்களில் பச்சை பூத்த செம்பு. பெயின்ட் பிரஷால் தூசி தட்டி, குளவி மண்ணை மரக்குச்சியால் நீக்கினோம்.

அவர் செய்த முதல் காரியத்தை யாரும் தாண்டிப் போகக் கூடாது. இந்த டியூபின் மேல்பக்கத்தில் ரப்பர் தொப்பி ஒன்று ஒட்டியிருக்கும். அதற்குள் டிவி ஓடும்போது 25 ஆயிரம் வோல்ட் வரை இருக்கும். அணைத்த பின்னும் மிச்சம் தங்கும். நீள ஸ்க்ரூ டிரைவரின் உலோகப் பகுதியில் ஒரு வயரைக் கட்டி, மறுமுனையை டியூபைச் சுற்றி ஓடும் எர்த் பின்னலில் பிடித்து, நுனியைத் தொப்பிக்குள் விட்டார். பட் என்று ஒரு சத்தம். அப்புறம் பவர் பக்கத்தில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டர். 230 வோல்ட் மின்சாரம் அங்கே நேர்மின்சாரமாகி 320 வோல்ட்டைத் தாண்டி நிற்கும். அதை ஒரு குண்டு பல்பின் வழியாக வடித்தார். பழக்கம் இல்லாதவர்கள் இந்த இரண்டு இடத்திலும் கை வைக்காதீர்கள். வீட்டில் நான் செய்தது துடைப்பதும் அளப்பதும் மட்டும்தான், உயர் மின்னழுத்த வேலை முழுக்க அவருடையது.

அடுத்து சீரிஸ் பல்பு. 100 வாட் குண்டு பல்பை டிவிக்கு முன்னால் வரிசையில் போட்டு சுவிட்சைப் போட்டார். பல்பு பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். எங்களுக்கு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கியது. நல்ல சகுனம். அதன் பிறகு பல்பை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுத்தோம்.

படம் வந்தது, ஆனால் மேலும் கீழும் கறுப்பாக, நடுவில் அகலமான பட்டையாக. பத்து நிமிடம் சூடேறியதும் கொஞ்சம் விரிந்தது. சூட்டில் சரியாகிறது என்றால் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது என்று அர்த்தம் என்றார் மெக்கானிக் அண்ணன். படத்தை மேல் கீழாக விரிக்கும் வெர்டிகல் ஐ.சி.யைச் சுற்றியிருந்த எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை மொத்தமாக மாற்றினார். ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருப்பதைவிட இதுதான் மலிவு, ஒவ்வொன்றும் 5 ரூபாயிலிருந்து 25 ரூபாய்க்குள். வாங்கும்போது மேலே 105 டிகிரி என்று அச்சிட்டதாகப் பார்த்து வாங்க வேண்டும். 85 டிகிரி வகை இந்தச் சூட்டில் சீக்கிரம் காய்ந்துவிடும்.

பெரிய டிரான்ஸ்ஃபார்மர் கால்களில் ஈயம் வளையமாக விரிசல் விட்டிருந்தது. டிரை சால்டர் என்பார்கள். பூதக்கண்ணாடி இல்லாமல் தெரியாது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார். மேலேயே பூசிவிட்டால் உள்ளே விரிசல் அப்படியே இருக்குமாம். பவர் பக்கத்திலிருந்து டிவிக்குப் போகும் முதன்மை வோல்டேஜை, பி பிளஸ் என்பார்கள், மல்டிமீட்டரில் பார்த்தோம், 112. இந்த அளவு டிவிக்கு 110-க்கும் 115-க்கும் நடுவில் இருந்தால் போதும்.

இன்னும் இரண்டு சில்லறைக் குறைகள். ஓடும்போது உஸ்ஸென்று ஒரு சத்தம். ரப்பர் தொப்பிக்கடியில் உப்பும் தூசியும் சேர்ந்து மின்சாரம் கசிந்த சத்தம் அது. தொப்பியைத் தூக்கி ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாக உலரவிட்டு மாட்டியதும் அடங்கியது. கடற்கரை ஊர்க்காரர்கள் இதை முதலிலேயே செய்துவிடலாம். மற்றது, இடது மேல்மூலையில் ஊதா நிறத் திட்டு. டிவியை அணைத்து ஆறவிட்டுப் போடும்போது ‘டங்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும், அது டீகாஸ் காயில் டியூபின் காந்தத்தை நீக்கும் சத்தம். எங்கள் பெட்டியில் அது வரவில்லை. அந்தக் காயிலுக்கு மின்சாரம் விடும் மூன்று கால் பாசிஸ்டர் ஒன்றை மாற்றியதும் சத்தமும் வந்தது, திட்டும் பாதி போனது. மீதிப் பாதி, பக்கத்தில் வைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டியால். அதை இரண்டடி நகர்த்தியதும் சுத்தமானது.

வீட்டு நிலையம்

என் அண்ணனிடம் சும்மா கிடந்த ராஸ்பெரி பை 3 என்ற சின்னக் கணினியை வாங்கிக்கொண்டேன். அதன் ஹெட்போன் துளையிலேயே பழைய முறைப் படமும் வெளிவரும், மாற்றிப் பெட்டி எதுவும் வேண்டாம். நான்கு வளைய பின் உள்ள கேபிள் வேண்டும், அதுதான் தொல்லை. கடையில் ஒரே மாதிரி தெரியும் கேபிள்களில் உள்ளே வயர் வரிசை வேறு வேறு. இந்தக் கணினிக்கு நுனியிலிருந்து இடது ஒலி, வலது ஒலி, எர்த், கடைசியில் படம் என்று வர வேண்டும். கேம்கோடருக்கு என்று விற்பவற்றில் பலவும் எர்த்தை வேறு இடத்தில் வைத்திருக்கும். கடைக்கு மல்டிமீட்டரை எடுத்துப்போய், மூன்று பிளக்கின் வெளி வளையமும் பின்னின் மூன்றாவது பகுதியோடு பீப் அடிக்கிறதா என்று பார்த்தே வாங்கினேன். என்னுடையதில் படம் மஞ்சளில் வராமல் சிவப்பில் வருகிறது. அதனால் பரவாயில்லை, டிவியில் மாற்றிச் செருகினால் போதும்.

முதலில் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வந்தது, அதுவும் கீழிருந்து மேலே உருண்டுகொண்டே. டிவிதான் இன்னும் சரியாகவில்லை என்று நினைத்து மெக்கானிக் அண்ணனை மறுபடி கூப்பிட இருந்தேன். காரணம் எளிது. இந்தக் கணினி தானாக அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி.யில் படம் அனுப்பும். நம் நாட்டு டிவிகள் பி.ஏ.எல்., 625 கோடு, நொடிக்கு 50 அரைச்சட்டம். அமைப்புக் கோப்பில் ஓர் எண்ணை மாற்றிவிட்டுத் திரும்பப் போட்டதும் நிறம் வந்து, உருளலும் நின்றது. கடையில் 500 ரூபாய்க்குக் கிடைக்கும் எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏவி மாற்றும் சின்னப் பெட்டிகளிலும் இதற்கென்று ஒரு சுவிட்ச் இருக்கும். நிறம் வரவில்லை என்றால் டிவியைத் திறக்கும் முன் அந்தச் சுவிட்சைப் பாருங்கள்.

அடுத்தது எழுத்து. டியூப் டிவி படத்தின் ஓரங்களைத் தின்றுவிடும். நிகழ்ச்சித் தலைப்பு அட்டை செய்தபோது முதல் எழுத்து வெளியே போய்விட்டது. நான்கு பக்கமும் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு எழுதினால் தப்பும். மெல்லிய எழுத்து நடுங்கும், குறிப்பாகத் தமிழில் சுழிகளும் மெல்லிய கிடைக்கோடுகளும். தடித்த எழுத்தில், கருநீலப் பின்னணியில் இளமஞ்சளாக எழுதியதும் கண்ணுக்கு இதமாக இருந்தது. வெள்ளையைவிட மஞ்சள் இந்த டியூபில் நன்றாக நிற்கிறது.

படம் தேர்ந்தெடுப்பதிலும் அளவு கணக்கு குறுக்கே வந்தது. திரையின் அகலம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர், உயரம் 30. சினிமாஸ்கோப் படத்தை அதில் போட்டால் உயரம் 17 சென்டிமீட்டர்தான் மிஞ்சும், மேலும் கீழும் கறுப்பு. தமிழில் முதல் ஸ்கோப் படம் 1973-ல்தான் வந்தது. அதற்கு முந்திய கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் இந்தத் திரைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல முழுசாகப் பொருந்துகின்றன. நான் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த டி.வி.டி.க்களில் இருந்து அப்படிப்பட்டவற்றையே ஞாயிறுக்கு எடுத்துக்கொண்டேன். புது டிவியில் அதே படங்கள் கீறலும் மங்கலுமாகத் தெரிந்தவை, இதில் அத்தனை நன்றாக இருந்தன. பழைய படங்களை இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றிவிட்டது.

டூ இன் ஒன்

மாமா 1980களில் சவூதியிலிருந்து கொண்டுவந்தது. எங்கள் மாவட்டத்தில் வெளிநாட்டுப் பயணம் போனவர் இருந்த வீடெல்லாம் இப்படி ஒன்று இருந்தது. ரேடியோ பாடியது. கேசட் பக்கம் மோட்டார் சுற்றும் சத்தம் மட்டும், பட்டை நகரவில்லை.

திறந்தால் பெல்ட் இல்லை. கறுப்புத் தாராக உருகி, கப்பிகளில் ஒட்டியிருந்தது. இதைத் துணியில் துடைக்கவே கூடாது, எங்கும் பரவும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். ஒரு டப்பா குச்சி தீர்ந்தது. உலோகக் கப்பி பளபளப்பாகத் தெரியும் வரை விடாதீர்கள். துளி ஒட்டியிருந்தாலும் புது பெல்ட் குதிக்கும், பாட்டு அலையும்.

பெல்ட் அளவுக்கு, கப்பிகளைச் சுற்றி தையல் நூலை இழுத்துக் கட்டி நீளம் பார்த்தேன். அதைவிட ஏழெட்டு சதவீதம் குறைவான சுற்றளவில் பெல்ட் வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் பல அளவு கலந்த பாக்கெட் கிடைத்தது, 250 ரூபாய். இறுக்கமானதைப் போட்டால் மோட்டார் முக்கியது. அடுத்த அளவு சரியாக உட்கார்ந்தது. பட்டையை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளை, அதாவது பிஞ்ச் ரோலர், கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருந்தது, அதையும் மாற்றினேன். பட்டையிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட்டையும் பட்டை உரசும் எல்லா உலோகத்தையும் அதே ஆல்கஹாலில் துடைத்தேன்.

பாட்டு வந்தது, கொஞ்சம் வேகமாக. எல்லோர் குரலும் இளசாகிவிட்டது. வேகத்தைச் சரி செய்யும் திருகு மோட்டாரின் பின்பக்க ஓட்டைக்குள் இருக்கிறது. எவ்வளவு திருப்புவது? கைப்பேசியில் 1000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு இதே கருவியில் பதிவு செய்து, திரும்பப் போட்டு, சுருதி பார்க்கும் செயலியில் அளந்தேன். 1000 என்றே காட்டியது. பாட்டோ வேகமாகத்தான் ஓடுகிறது! கொஞ்சம் யோசித்ததும் புரிந்தது. பதியும்போதும் அதே வேகம், ஓடும்போதும் அதே வேகம், பிழை பிழையையே மறைத்துவிடுகிறது. வேறொரு நல்ல கேசட் டெக்கில் பதிந்த கேசட்தான் வேண்டும். சித்தப்பா தன் நண்பர் வீட்டு டெக்கில் பதிந்து கொடுத்தார். அதைப் போட்டால் 1047. கிட்டத்தட்ட ஓர் அரைச்சுருதியில் முக்கால் பங்கு கூடுதல். பிளாஸ்டிக் பிடி போட்ட சின்ன ஸ்க்ரூ டிரைவரால் முடி அளவு திருப்பித் திருப்பி 1002-க்குக் கொண்டுவந்தேன். அதற்கு மேல் தேவையில்லை.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் இளவயதில் ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தவர். ஆட்கள் கோடுபோட்ட தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொண்டுவருவார்கள், வெற்றுக் கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள். சி-60 என்றால் ஒரு பக்கம் அரை மணி. நாலரை நிமிடப் பாட்டு என்று வைத்தால் பக்கத்துக்கு ஆறு, மூன்று நிமிடம் மிச்சம். அந்த மூன்று நிமிடத்தை வெறுமனே விடக் கூடாது, பாதியில் அறுந்த பாட்டாலும் நிரப்பக் கூடாது, சின்னதாக ஓர் இசைத்துண்டைத் தேடி வைக்க வேண்டும். அதுதான் அவர்களுக்குத் தொழில் சுத்தம். வீட்டிலிருந்த கேசட்டுகளில் பாதி அவர் கையெழுத்தில் அட்டை எழுதியவை.

சில கேசட்டுகள் கம்பளி போர்த்தியதுபோல மந்தமாகக் கேட்டன. ஹெட் கோணம் என்று நினைத்துத் திருகில் கை வைக்கப் போனேன், சித்தப்பா தடுத்தார். “அதத் தொடாதம்மா. கேசட்டுக்குள்ள பஞ்சு இருக்கான்னு மொதல்ல பாரு.” பட்டையை ஹெட்டோடு அழுத்தும் சிறு கம்பளித் துண்டு பசை காய்ந்து விழுந்திருந்தது. பயன்படாத கேசட் ஒன்றிலிருந்து எடுத்து ஒட்டியதும் உச்சத்து ஒலி திரும்பிவிட்டது. ஓரம் ஒட்டி மூடிய கேசட்டை மட்டும் கத்தியால் இணைப்பு வழியே பிளந்து, உருளைகளைத் திருகு போட்ட வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது. மின்விசிறியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

ரேடியோவில் மீடியம் வேவ் முழுக்க இரைச்சல். ஹாலில் இருந்த எல்.இ.டி. விளக்கையும் கைப்பேசி சார்ஜரையும் அணைத்ததும் பெருமளவு குறைந்து, தூத்துக்குடி வானொலியின் 1053 கிலோஹெர்ட்ஸ் தெளிவாக வந்தது. பழைய ரேடியோ கெட்டுவிட்டது என்று ஒதுக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

டெக்

இதுதான் வராமல் போனது. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்த காலம் எங்கள் தெருவில் இருந்தது. அதே மாதிரி ஓர் இரவு மொட்டைமாடியில் வைக்க வேண்டும் என்று ரொம்ப ஆசைப்பட்டேன். உறவினர் வீட்டிலிருந்து டெக் கிடைத்தது. பெல்ட்டும் ஐட்லர் ரப்பரும் மாற்ற 700 ரூபாய் கொடுத்தேன். இயந்திரம் சுற்றியது.

வீடியோ கேசட்டுகளில் பூஞ்சை. ஜன்னல் வழியே பார்த்தால் பட்டைச் சுருளின் மேல் வெண்மையாகத் தூவியதுபோலத் தெரிந்தது. லேசாகத்தானே இருக்கிறது என்று ஒன்றைப் போட்டோம். படம் சில நிமிடம் வந்து, பிறகு முழுக்கப் பனி. பூஞ்சை ஹெட் டிரம்மில் ஒட்டிவிட்டது. பஞ்சால் துடைத்தால் நூலிழை சிக்கி ஹெட் உடைந்துவிடும் என்பதால், ஆல்கஹாலில் நனைத்த மான்தோல் துணியை டிரம்மில் அசையாமல் பிடித்துக்கொண்டு, டிரம்மைக் கையால் கிடைமட்டமாகச் சுழற்றினேன். மேலும் கீழுமாகத் துடைக்கவே கூடாது. படம் திரும்பியது, அடுத்த கேசட்டில் மறுபடி பனி. சுத்தமான கேசட்டிலும் அதன் பிறகு பூஞ்சை ஒட்டத் தொடங்கியது. அங்கேயே நிறுத்திவிட்டேன்.

அதில் அண்ணனின் கல்யாணக் கேசட்டும் இருந்தது. அது போனால் திரும்ப வராது என்பதால் வீட்டில் போடவே இல்லை. மதுரையில் பூஞ்சை நீக்கி மாற்றித் தருபவரிடம் 600 ரூபாய்க்குக் கொடுத்து கணினிக் கோப்பாக வாங்கினேன். படம் உள்ள கேசட்டுகளைத் தனிப் பெட்டியில், மற்றவற்றோடு ஒட்டாமல் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுக் கேசட்டிலும் வெள்ளைப் பூச்சு தெரிந்தால் ஆசைக்கு ஒரு முறைகூடப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

அட்டவணை

கருவிகள் தயாரானதும் இது சும்மா பாட்டுப் போடும் வேலைதானே என்று நினைத்தேன். சித்தப்பா விடவில்லை. “பாட்டப் போட்டா பத்தாது. எது பின்னாடி எது வரணும்னு ஒண்ணு இருக்கு.” வெள்ளிக்கிழமை அரை மணிக்கு அதே சி-60 கணக்கு: ஆறு பாட்டு, மிச்ச நேரத்தில் அறிவிப்பு. அறிவிப்பை அவரே பேசிப் பதிந்தார். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று இலங்கை வானொலி அறிவிப்பாளர்களைக் கேட்டே வளர்ந்த ஊர் இது. பாடியவர், இசை, படம் என்று ஒன்று விடாமல், பாட்டின் முதல் இசைக்கு முன் வந்து நிற்கும்படி பேசினார். கைப்பேசியில் அலமாரிக்குள் துணிகளுக்கு நடுவில் வைத்துப் பதிந்தோம், எதிரொலி இல்லாமல் இருந்தது.

கணினி கடிகாரத்தைப் பார்த்து இரவு 8 மணிக்குத் தானாக ஓடும்படி அமைத்தேன். ரிமோட் கிடையாது. 7.45-லிருந்து வண்ணப் பட்டைகள், 7.58-க்குத் தலைப்பு அட்டை. முதல் வெள்ளியன்று சின்னவன் பல் தேய்த்துவிட்டு 8.05-க்கு வந்து, “அத்தை, முதல்ல இருந்து போடுங்க” என்றான். போட வழியில்லை என்று சொன்னேன். அழுகை வந்துவிட்டது. அடுத்த வாரம் 7.30-க்கே பாய் விரித்து இடம் பிடித்தவன் அவன்தான். மூன்றாம் வாரம் எதிர்வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். அடுத்து என்ன பாட்டு என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் சித்தப்பாவுக்கும் தவிர. அந்த ஆறு பாட்டையும் அவர்கள் ஒன்றையும் தள்ளாமல் கேட்டார்கள். அதே பிள்ளைகள் கைப்பேசியில் பத்து வினாடிக்கு ஒரு பாட்டு மாற்றுபவர்கள். இந்த முழு முயற்சியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஞாயிறு படத்துக்கு 15 நிமிட இடைவேளை வைத்தேன். பெரியவள் விளம்பரம் வேண்டும் என்றாள். பாட்டியின் வடகத்துக்கும் எதிர்வீட்டுக் கடையின் சர்பத்துக்கும் அவர்களே நடித்து, கைப்பேசியில் எடுத்து, இடைவேளையில் ஓடவிட்டோம். சென்னைத் தொலைக்காட்சியில் நேயர் கடிதம் படிக்கும் ‘எதிரொலி’ இருந்ததைச் சொன்னேன். தபால் நிலையத்தில் 50 பைசா அஞ்சலட்டைகள் வாங்கிக் கொடுத்தேன், வாரம் முழுக்க எழுதி ஒரு பெட்டியில் போட்டார்கள். “சண்டைக் காட்சி போதவில்லை” என்பது பெரும்பாலோர் புகார். அம்மா எழுதிய ஒரே அட்டையில், அவர் கல்யாணமான வருடம் கொட்டகையில் பார்த்த படம் ஒன்றைக் கேட்டிருந்தார். கடைசி ஞாயிறு அதைப் போட்டேன்.

கரன்ட் போகும் என்று தெரியும். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டையையும் செய்து வைத்திருந்தேன். இந்த டிவி 80 வாட் அளவுக்கு இழுக்கும், கணினியோடு சேர்த்து வீட்டு இன்வர்ட்டரில் ஓடியது. ஆனால் மாறும் அந்த நொடியில் கணினி அணைந்து மறுபடி தொடங்கும். அதற்கு எடுக்கும் நேரத்துக்குத்தான் அந்த அட்டை, தொடங்கியதும் முதலில் அதுவே வரும்படி வைத்தேன். அட்டையைப் பார்த்ததும் அம்மாவும் சித்தப்பாவும் கைதட்டினார்கள். மதியக் கேசட் நேரத்துக்குக் கரன்ட் கவலையே இல்லை, டூ இன் ஒன் ஆறு பெரிய செல்லில் பாடும்.

செலவும் அடுத்த முறையும்

கெப்பாசிட்டர்கள் 140, பாசிஸ்டர் 60, மெக்கானிக் கூலி 800, ஆட்டோ 150. மெமரி கார்டு 400, கேபிள் 180. பெல்ட் பாக்கெட் 250, ஆல்கஹால் 220, பிஞ்ச் ரோலர் 150, பேட்டரி செல்கள் 180. டெக்குக்கு 700, கல்யாணக் கேசட்டுக்கு 600. மொத்தம் 3,830 ரூபாய். டெக் செலவை ஒதுக்கினால் 3,130. மெக்கானிக் அண்ணன் முதலில் 500 போதும் என்றார். உதிரிபாகம் தேடி அலைந்தவர் அவர், அதனால் 800 கொடுத்தேன். இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், பேரம் பேசக் கூடாது.

அடுத்த முறை டெக்கை மறந்துவிட்டு, மொட்டைமாடி இரவுக்கு அந்தக் கணினியையே கேபிள் நீட்டிப் பயன்படுத்துவேன். மாடிக்கு டிவியைத் தூக்க இரண்டு பேரும், வெயில் காய்ந்த தரைச் சூடு இறங்க இரவு 8 மணியும் வேண்டும். கணினிக்கு மட்டும் ஒரு சிறு பவர் பேங்க் போட்டுவிட்டால் கரன்ட் மாறும்போது அணையாது. சித்தப்பாவின் கேசட்டுகளை மழைக்காலம் வரும் முன் கோப்பாகப் பதிய வேண்டும், அட்டைகளின் கையெழுத்தோடு சேர்த்து. எதிர்வீட்டில் 14 அங்குலக் கறுப்பு வெள்ளை டிவி ஒன்று இருக்கிறதாம், ஆன்டெனா துளை மட்டும் உள்ளது. அதற்குப் படத்தை ஆன்டெனா துளைக்கு ஏற்ற அலையாக மாற்றும் ஆர்.எஃப். மாடுலேட்டர் தேட வேண்டும். அந்த டிவி வி.எச்.எஃப். அலைவரிசையைத்தான் எடுக்கும், கடைகளில் இப்போது கிடைப்பவை பெரும்பாலும் அதைவிட உயர்ந்த யு.எச்.எஃப். பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றிலிருந்து கழற்றித் தருவதாக மெக்கானிக் அண்ணன் சொல்லியிருக்கிறார்.